பூக்காரிக்குப் பின்னால்

சிட்லபாக்கம்,
9 மார்ச் 2025, ஞாயிறு.

அன்புள்ள சுபத்ராவுக்கு,

ஜெயஸ்ரீ எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம். வதோதராவில் நீயும் ஜீவிதாவும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாரா வாரம் ஃபோனில் பேசுகிறவள் இதென்ன திடீரென்று கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஃபோனில் சம்பத் அண்ணா பேச்சை எடுத்தாலே உனக்கு அடுப்பில் பால் பொங்கிவிடுகிறது, வைத்துவிடுகிறாய். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனாலும் திரும்பி வந்து படிக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. ஏரிக்கரையில் நடக்க வருகிறவர்கள் கூட்டம் இப்போது சாயங்காலத்தில் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. உன் வீட்டில் குடியிருப்பவர்கள் நல்ல மாதிரி. கறிவேப்பிலைச் செடியை அவர்கள் வெட்டவில்லை, தலைக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. என் வீட்டுக்காரர் பாலகுரு ரிட்டயர் ஆனதிலிருந்து சமையலறைக்கு மேனேஜராகிவிட்டார். ரசத்துக்குப் புளி எத்தனை நிமிஷம் ஊறவேண்டும் என்று எனக்கே சொல்லித் தருகிறார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டிபார்ட்மெண்டில் இன்னும் இரண்டு வருஷம் எனக்கு ஓடும். முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முனகுகிறது.

முனகினாலும் கேமராவை நான் விடவில்லை. நாம் இருவரும் பழைய லென்ஸ் வாங்கிய கதையை இப்போதும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தானாக ஃபோகஸ் செய்யும் லென்ஸ் விற்கிற விலையைக் கேட்டுக் கடையை விட்டு வெளியே வந்தோமே, பிறகு யாரோ பரணிலிருந்து எடுத்து விற்ற ஐம்பது எம்.எம். ஒன்றை நீயும், சீனாவில் செய்த முப்பத்தைந்து எம்.எம். ஒன்றை நானும் வாங்கி, ஒரு வளையத்தை மாட்டிக் கேமராவில் பொருத்தினோமே. முதல் மாதம் நாம் எடுத்ததெல்லாம் புகை மூட்டம். அப்புறம் கை பழகிவிட்டது. லென்ஸின் திறப்பை எட்டில் வைத்து, ஃபோகஸ் வளையத்தை மூன்று மீட்டருக்குத் திருப்பிவிட்டால் சானடோரியம் ஸ்டேஷன் படியில் இறங்கி வருகிறவர்கள் ஒவ்வொருவராகத் தாங்களாகவே வந்து தெளிவில் விழுவார்கள், நாம் பித்தானை அழுத்தினால் போதும். அதைக் கண்டுபிடித்த அன்று நீ நடைமேடையில் நின்று கைதட்டியதை ஒரு டி.டி.ஆர். முறைத்துப் பார்த்தார்.

எனக்கு இன்னும் பிடித்தது மற்ற முறைதான். லென்ஸை முழுக்கத் திறந்து வைத்து, வளையத்தை மெதுவாகத் திருக வேண்டும். தாம்பரம் மார்க்கெட்டில் எலுமிச்சை விற்கிற ஆளின் மூக்கு தெளிவாகும், பிறகு கண், பிறகு கண்ணிமை. அந்த இரண்டு விநாடியில் அவர் நம்மைப் பார்த்துவிடுவார். பார்த்துவிட்டால் சிரிக்க வேண்டும், பேச வேண்டும். திருடி எடுக்க முடியாது. பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்களைக் கண்டு ஒதுங்குகிறவர்கள்கூட நம் பொம்மை மாதிரிக் கேமராவைப் பார்த்து, இன்னாக்கா, இதுல படம் வுழுமா என்று கிட்டே வந்தார்கள். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க எலும்பை மட்டும் படம் எடுக்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று உனக்குத் தெரியும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்ப எழுதுகிறேன். அதைத் தாண்டாமல் அடுத்ததுக்குப் போகத் தெரியவில்லை.

சம்பத் அண்ணா உன்னையும் ஜீவிதாவையும் விட்டுக் கண்ணை மூடியது 2024 ஜனவரி ஏழாம் தேதி, ஞாயிறு காலையில், பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, காகிதங்கள் வாங்க நீயும் நானும் மறைமலை நகரில் அவருடைய கம்பெனிக்குப் போனோம். அக்டோபர் முதல் வாரமே அவரையும் சேர்த்து நாற்பது பேரை அனுப்பிவிட்டதாக அங்கே சொன்னார்கள். மூன்று மாதம் அவர் தினமும் ஏழு மணிக்குச் சாப்பாட்டுப் பையோடு கிளம்பி, ஆறு மணிக்குத் திரும்பி வந்திருக்கிறார். திரும்பும் வழியில் ரயிலில், கூடுவாஞ்சேரி தாண்டியதும், "ஊராரோட முகத்தையெல்லாம் திருகித் திருகிப் பார்த்தேனே ஜெயா, வீட்ல இருந்த முகத்தைப் பார்க்கலையே" என்றாய். அந்த வாரமே உன் லென்ஸை என் வீட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போனாய்.

போன மாதம் என் கம்ப்யூட்டரில் இடம் நிரம்பிவிட்டது. ஃபோகஸ் தவறிய படங்களை அழிக்கலாம் என்று ஒரு வியாழக்கிழமை உட்கார்ந்தேன். என் வார விடுப்பு வியாழன்தானே. 2023 நவம்பர் இருபத்து மூன்றாம் தேதி, காலை பதினொன்று ஐந்துக்கு, ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் எடுத்த படம் ஒன்று வந்தது. முன்னால் ஒரு பூக்காரி முழம் போட்டுக்கொண்டிருக்கிறாள், அவள் முகமே தெரியாத அளவுக்குக் கலங்கல். என் கை வளையத்தை அதிகமாகத் திருகிவிட்டிருக்கிறது. அழிக்கப் போனேன். அவளுக்குப் பின்னால் பதினைந்து அடி தள்ளி, மீன் விற்கிற ஒரு பெண்ணின் குடைக்குக் கீழே, சட்டைப் பித்தான்கூட எண்ணும்படி தெளிவாக நிற்கிறார் சம்பத் அண்ணா.

அவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, தன் உடம்பிலிருந்து முடிந்தவரை தள்ளிப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆம்லெட் வாசனைக்கே ஜன்னலைத் திறக்கிற உன் வீட்டுக்காரர்தான்.

ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் பாலகுருவிடம் காட்டினேன். உடனே அனுப்பு என்றார், அரை மணி நேரம் கழித்து அனுப்பாதே என்றார். கடைசியில் படத்தைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு, அடுத்த வியாழன் நானே ராஜகீழ்ப்பாக்கம் போனேன். அந்த மீன்காரம்மா அதே இடத்தில்தான் இருக்கிறாள். பெயர் காந்தா. கோவளத்திலிருந்து விடியும் முன் மீனோடு வந்துவிடுகிறாள். நம் வயதுதான் இருக்கும். படத்தை நீட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"ஐய, நம்ம சம்பத்து சாரு! எங்கமா கீறாரு? வேல கெடச்சா சொல்லாம கொள்ளாம பூட்றதா? ஒரு வருசமா அவர் மேல கோவத்துல கீறேன்" என்றாள்.

அவளுக்குத் தெரியாது, சுபத்ரா. இத்தனை நாளும் அவருக்கு வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தாள். வாளித் தண்ணீரில் இரண்டு கையையும் நன்றாகக் கழுவினாள். மீன் கேட்டு வந்த ஒரு பெண்மணியிடம், "இப்ப வியாபாரம் இல்லமா" என்று சொல்லி அனுப்பிவிட்டு, எனக்கு ஒரு ஸ்டூலைத் தள்ளினாள். பிறகு அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

முதல் பதினைந்து நாள் அவர் எதிரே பஸ் நிறுத்தத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாராம். எத்தனை பஸ் வந்தாலும் ஏறமாட்டாராம். ஒருநாள் காற்றில் இவள் குடை பறந்து ரோட்டுக்குப் போக, ஓடிப்போய்ப் பிடித்தவர் அவர்தான். மறுநாள் ஒரு இரும்புக் குழாயும் நட்டு போல்ட்டும் கொண்டுவந்து குடைக்கு ஒரு தாங்கி செய்து கொடுத்திருக்கிறார். "அதோ பாரு, இந்த ரெண்டு மழையிலயும் அசையல" என்று காட்டினாள். தட்டிப் பார்த்தேன், அசையவில்லை. கம்பெனியில் கால் நூற்றாண்டாக அரை மில்லிமீட்டர் பிசகினால் திருப்பி அனுப்பியவர் அல்லவா.

அன்றிலிருந்து குடைக்குக் கீழேதான் அவருக்கு இடம். பதினோரு மணி வரைக்கும் இங்கே இருந்துவிட்டு, அப்புறம் வேலை கேட்டுக் கம்பெனி கம்பெனியாகப் போவாராம். அவள் கழிவறைக்குப் போனால் கடையைப் பார்த்துக்கொள்வாராம். "மீன் பேரே தெரியாம சங்கராவ வவ்வாலும்பாரு, வவ்வால கெளுத்தியும்பாரு. வாங்க வர்றவங்க சிரிச்சே வாங்கிகினு போவாங்க." படம் எடுத்த அன்று, இத்தப் புடி சார் என்று அவள் மீனைக் கொடுத்துவிட்டுப் பை எடுக்கத் திரும்பியிருக்கிறாள். உன் சாப்பாட்டைப் பாதி அவளுக்குக் கொடுத்திருக்கிறார். டப்பா காலியாக வருகிறது, இப்போதெல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று நீ சந்தோஷப்பட்டது நினைவிருக்கிறதா? உன் வற்றல் குழம்பைப் பற்றி அவள் பேசுவதைக் கேட்டால் உனக்கே பெருமையாக இருக்கும்.

நீ எடுத்த படங்களை ஃபோனில் அவளுக்குக் காட்டுவாராம். "இது எம் பொண்டாட்டி புட்சது, அது எம் பொண்டாட்டி புட்சதுன்னு எனக்கு ஒரே பேஜாரு. ஆனா ஒரு கெயவன் டீ ஆத்தற படம் காட்னாரு பாரு, அது சோக்கா இருந்துச்சு" என்றாள். அது நீ கேம்ப் ரோட்டில் எடுத்தது.

வீட்டில் சொன்னீர்களா என்று அவள் அவரை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அவர் சொன்ன பதிலை அவள் பேச்சிலேயே தருகிறேன். "மாமியாரு, கொயந்தன்னு இருவது வருசம் வூட்டுக்குள்ளயே கெடந்துச்சாம் அந்தக்கா. இப்பத்தான் கேமராவ மாட்டிகினு வெளிய போவுது, சிரிக்குது. இத்த சொன்னா கேமராவப் பொட்டில வெச்சுடும். வேற வேல கெடச்சதும் ரெண்டையும் சேர்த்து சொல்றேன்னாரு. கெடைக்கலன்னாலும் பொங்கலுக்குள்ள சொல்லிட்றேன்னாரு."

பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது, சுபத்ரா. அவர் சொல்லியிருப்பார்.

இன்னொன்றும் சொன்னாள். அதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நல்லதை மட்டும் பொறுக்கி உனக்கு அனுப்பினால் நானும் மறைத்தவள் ஆவேன். தீபாவளிக்கு முந்தின நாள் தூறலில் அவர் பஸ் நிறுத்தத்துக்குப் போய் உட்கார்ந்து அழுதிருக்கிறார். காந்தா பார்க்காத மாதிரி இருந்துவிட்டாளாம். கொஞ்ச நேரத்தில் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாராம். அந்த மூன்று மாதத்தில் அழுகை இருந்தது. நீ நினைத்துக்கொண்டிருப்பதுபோல் அழுகை மட்டுமே இருக்கவில்லை.

என்னால்தானே சொல்லாமல் இருந்தார் என்று நீ இதையும் உன் தலையில் போட்டுக்கொள்ளப் போகிறாய், எனக்குத் தெரியும். ஒரு மனுஷன் காட்டுவதில்லை என்று தீர்மானம் செய்த முகத்தை யாரால் பார்க்க முடியும்? நான் அவருக்கு இருபது அடியில் நின்றேன். அவரை நேராகப் படமே எடுத்தேன். அப்போதும் எனக்குப் பூக்காரிதான் தெரிந்தாள். வீட்டுக்குப் போய்ப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ஃபோகஸ் போச்சே என்று என்னையே திட்டிக்கொண்டு மூடியும் வைத்தேன். நான் பார்க்கவில்லை என்பதற்காக என்னை நீ குற்றம் சொல்வாயா?

உன் லென்ஸை மாதம் ஒருமுறை எடுத்துத் துடைத்து, இரண்டு படம் எடுத்துவிட்டு வைக்கிறேன். வளையம் இறுகிவிடக்கூடாது அல்லவா. நீ கேட்கிற அன்று அனுப்புவேன், கேட்காமல் அனுப்பமாட்டேன்.

படத்தை இத்துடன் தனி உறையில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதைத் திறப்பதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்பா கடைசி வரைக்கும் வேலையில் இருந்தார் என்றே ஜீவிதாவிடம் சொல்லிவைத்திருக்கிறாய். என்னிடமும் சத்தியம் வாங்கினாய். நான் காப்பாற்றிவிட்டேன், இனியும் காப்பாற்றுவேன். ஆனால் அந்தப் பெண் ஒவ்வொரு தடவை ஃபோனில் பேசும்போதும், அம்மா ஏன் ஆன்ட்டி கேமராவைத் தொடுவதே இல்லை, என்மேல் ஏதாவது கோபமா என்று என்னிடம் கேட்கிறாள். அவள் முகம் வாடக்கூடாது என்றுதான் நீ மறைக்கிறாய். அவரும் அதற்குத்தான் மறைத்தார். அவராவது பொங்கலுக்குள் என்று ஒரு நாள் வைத்திருந்தார். நீ எந்த நாளை வைத்திருக்கிறாய்?

கோபித்துக்கொள்ளாதே. நாற்பது வயதுக்கு மேல் கிடைத்த சிநேகிதி நீ, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். மாப்பிள்ளை ஆபீசுக்குப் போனபிறகு, ஜீவிதாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள். இந்தக் கடிதத்தை முதலில் அவளிடம் கொடு. அவள் படித்து முடிக்கிற வரைக்கும் எழுந்து அடுப்படிக்குப் போகாதே. அப்புறம் இரண்டு பேருமாக உறையைப் பிரியுங்கள்.

அந்த வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்,

உன்
ஜெயா