பனியாற்றிடம் அம்மா சொன்னது

ஜூலை, வெள்ளி. அலாஸ்கா.

மூஸ் என்கிற அந்தப் பெரிய மான் அம்மா கண்ணுக்கு மாடாகத்தான் தெரிந்திருக்கிறது. கார் கண்ணாடியை இறக்கி, குட்டியோடு நின்ற அதுக்கு வாழைப்பழத்தை நீட்டிவிட்டாள்.

"அம்மா, கைய உள்ள எடு!" என்று கத்திவிட்டேன். ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் ரவி பதறிப்போய் காரை ரிவர்ஸ் எடுத்தார்.

"வெள்ளிக்கிழமையாச்சேன்னு குடுத்தேன்டி" என்றவள், பழத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அப்படிக் கத்தியிருக்க வேண்டாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா எங்கே கிளம்பினாலும் "போறேன்" என்றுதான் சொல்கிறாள். சென்னை வீட்டைப் பூட்டும்போதும் அதேதான், குபெர்டினோவில் எங்கள் வீட்டுச் சாமி முன்னாலும் அதேதான். "போயிட்டு வரேன்னு சொல்லும்மா" என்று எத்தனை சண்டை!

கிளேசியர் என்கிற அந்தப் பனியாறு நீலமாக இருந்தது. வருஷா வருஷம் உருகிப் பின்வாங்குகிறதாம். முன்பு எதுவரை இருந்தது என்று வழியெல்லாம் பலகை. அம்மா என் ஜாக்கெட்டையும் மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். மூஸுக்குப் போகாத பழத்தை உரித்து எனக்குப் பாதி கொடுத்தாள். கிளம்பும்போது பனியைத் திரும்பிப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்றாள்.

ஏதாவது சொன்னால் மாற்றிக்கொள்வாளோ என்று பயம்.

இப்போது பக்கத்துக் கட்டிலில் குறட்டை விடுகிறாள். எனக்குத் தூக்கம் வரப்போவதில்லை. சாமி, நல்லா விடட்டும்.