வான் வீட்டுக்குப் புது ஹீற்றர்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து ஐஸ் மழை. நாங்கள் இருக்கிற காம்பர் வானின் தகரக் கூரையில் அரிசி கொட்டுகிற சத்தம். அபிக்கு இரண்டு சுவெட்டர், குல்லா, அதற்கு மேல் என் சால்வை. அப்படியும் விரல்கள் ஐஸ்.

ஹீற்றர் முடிந்தது. ஒரு கிழமையாக விசிறி மட்டும் இரைந்தது, நெருப்புப் பிடிக்கவில்லை. கராஜ்காரச் சேவியர் அண்ணை இன்று கழற்றிப் பார்த்தார். உள்ளே நெருப்பு எரிகிற பெட்டி துருப்பிடித்து ஓட்டை. இனிப் பற்றவைக்கவே கூடாது, புகை உள்ளுக்கு வரும் என்று சொல்லி, புரொப்பேன் சிலிண்டரையும் பூட்டிவிட்டார்.

கராஜிலிருந்து வயர் இழுத்துக் கரண்ட் ஹீற்றர். அங்கே கொம்பிரசர் ஓடினால் இங்கே பியூஸ் போகும். இவர், என் மனுசன், அங்கே வேலை செய்தால் பிள்ளைக்குக் குளிர். வேலை செய்யாவிட்டால் சாப்பாடு?

சேவியர் அண்ணையைக் குறை சொல்ல முடியாது. செப்டெம்பரில் கீழ் வீட்டுத் தீ எங்கள் வீட்டையும் கரியாக்கியபோது, தன் கராஜின் பின்முற்றத்தில் யாரோ விட்டுவிட்டுப் போன இந்தக் காம்பர் வானைத் துடைத்துத் தந்தவர். தன் வீட்டுக்குக் கூப்பிட அவருக்கு இடமில்லை. மன்னாரிலிருந்து வந்த மாமன் குடும்பம் ஹோலிலும் படுக்கிறது. எங்கள் வீட்டை ஜனவரியில் திருத்தித் தருவார்களாம்.

ரொறொன்ரோவிலிருந்து அக்கா, போனில். ஜனவரி வரைக்கும் அபியைத் தன்னிடம் விடட்டாம். அடுத்த கிழமைச் சனி காரோடு வருகிறாளாம். "நீ பிடிவாதம் பிடிச்சுக்கொண்டிரு, பிள்ளை விறைக்கட்டும்." அதற்குள் புது ஹீற்றர் பூட்டிவிடுவோம், வான் சூடாக இருந்தால் சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போ என்றேன். ஓம் என்றாள். ஓம் என்ற விதம் பிடிக்கவில்லை.

இரவில் இன்னும் பால் குடிக்கிற பிள்ளை. எப்படிக் கொடுப்பது.

நவம்பர் 5, புதன்

மழை விட்டது. காற்று.

பார்த்த ஹீற்றர்கள்:
1. சின்னது. பழைய ஹீற்றர் இருந்த இடத்துக்குள் அப்படியே போகும். கடும் குளிருக்குக் காணுமா?
2. பெரியது. சுவர் வெட்ட வேண்டும். விசிறி பற்றறியைக் குடித்துவிடும். பற்றறி செத்தால் காஸ் இருந்தும் நெருப்பில்லை.
3. இவருடைய சிநேகிதர் ஐஸில் மீன் பிடிக்கப் போகும்போது கொண்டுபோகிற குட்டி அடுப்பு. சும்மா தருகிறாராம்.

இவருக்கு 3. உடனே கிடைக்கும், பூட்டுகிற வேலை இல்லை. நான் மாட்டேன் என்றேன். அது நாங்கள் மூச்சு விடுகிற காற்றையே எரித்து, கழிவையும் எங்களிடமே விடும். ஹீற்றர் என்றால் எரிகிற காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையை வெளியில் விட வேண்டும். சூடு மட்டும்தான் உள்ளே.

இவர்: "கம்பஸில படிச்ச பௌதிகத்தை எல்லாம் இந்த வானுக்குள்ள காட்டாதேயும்."

வேறெங்கே காட்ட? மூன்று வருடமாக வேறெங்கும் யாரும் கேட்கவில்லை. அபிக்கு மூக்கைத் துடைத்தேன்.

முடிவு: 1. டிரைவர் இருக்கிற பகுதியைக் கம்பளியால் அடைத்தால் சூடாக்க வேண்டிய இடம் பாதி. இவர் தலையாட்டினார். கோபம் போகவில்லை.

வாங்க: பம்பர்ஸ், மல்லி, டெப்பனேர்க் கடையில் பால்.

நவம்பர் 8, சனி

வெயில், ஆனால் வெறும் வெளிச்சம்.

பூட்டியாயிற்று. சே. அண்ணையும் இவரும். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கையேட்டை வாசித்துச் சொன்னேன், பிரெஞ்சில் விளங்காததை ஆங்கிலத்தில் பார்த்து. காஸ் மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவிப் பார்த்தோம். ஒரு மூட்டில் குமிழி. இறுக்கி, திரும்பத் தடவி, இல்லை.

பற்றவைக்க முன் கற்பூரம் காட்டலாமா என்று கேட்டேன். சே. அண்ணை: "பிள்ளை, காஸ் பூட்டுற இடத்தில கற்பூரமோ? எங்கட தீர்த்தம்தான் பாதுகாப்பு." சட்டைப் பையில் லூர்து மாதா போத்தல். தெளித்தார். இவர் மூன்று நாளுக்குப் பிறகு சிரித்தார்.

தெர்மோஸ்டாட்டைத் திருப்ப, முதலில் விசிறி, பிறகு டிக் டிக், பிறகு அந்தச் சத்தம். புஸ்ஸென்று. கம்பிவலையிலிருந்து வெதுவெதுப்பு. அபி அதற்கு நேரே உள்ளங்கையைப் பிடித்து "சூ, சூ" என்கிறாள், சூடாம். நான் அழுதேன் என்று இவர் அக்காவுக்குச் சொல்லிவிட்டார்.

அக்காவை வரவேண்டாம் என்றேன். சரி பார்ப்போம் என்று போனை வைத்தாள்.

அடுப்புக்கு மேலே புது அலாரமும். புகைக்கும், மணமில்லாத நச்சுக் காற்றுக்கும் ஒன்றே.

நவம்பர் 10, திங்கள்

பனி. முதல் தடவையாக நிலத்தில் நின்றது.

பருப்புக்குத் தாளித்தேன். செத்தல் மிளகாய் கருகமுன் அலாரம் கத்த, அபி நித்திரையிலிருந்து எழும்பி வீரிட்டு அழ, நான் துவாயால் விசிறி விசிறி. கடைசியில் அலாரத்தைச் சாமான் பையால் மூடி ரப்பர் பாண்ட் போட்டேன். பழைய வீட்டிலும் அப்படித்தான். சே. அண்ணை எட்டிப் பார்த்து, தங்கள் வீட்டிலும் அது தொப்பி போட்டுத்தான் நிற்கும் என்றார்.

காற்றுக்கு மறைப்பாக அவர் வானைச் சுற்றி நீலத் தார்ப்பாய்ப் படங்கு கட்டித் தந்தார். ஹீற்றரின் புகைவாய்க்கு நேரே சதுரமாக வெட்டி விட்டிருக்கிறார். இப்போது கம்பளி இல்லாமலே இருக்கலாம்.

நவம்பர் 12, புதன்

இரவெல்லாம் காற்று. படங்கு படபடவென்று அடித்துக்கொண்டே.

விடியத் தலையிடி. இவருக்கும். இவர் கராஜுக்குப் போனதும் நின்றுவிட்டதாம், எனக்கு நிற்கவில்லை. வயிற்றைப் பிரட்டிச் சத்தியும் வருகிறது. வேறு ஏதுமோ என்று பயந்து நாட்களை எண்ணினேன். இல்லை.

பனி பட்டதுதான். யன்னல் ஓரத்தால் வருகிறது. துவாய்களைச் சுருட்டி எல்லா இடுக்கிலும் அடைத்தேன். கூரை மூடியையும் டேப் ஒட்டி. காதுக்குப் பஞ்சு. மல்லிக் கோப்பி.

அபி இன்று நல்ல பிள்ளை. பகல் முழுக்க நித்திரை. பாலுக்குக்கூட எழும்பவில்லை.

நவம்பர் 13, வியாழன்

எழுத வராது. ஆனாலும்.

அபியைத் தூக்க, கழுத்து நிற்கவில்லை. கூப்பிட்டேன், கண் பாதி திறந்து மூடியது. காய்ச்சலாக்கும் என்று நெற்றியைத் தொட்டேன். காய்ச்சல் இல்லை. மல்லி கொதிக்கவைக்கலாம் என்று, ஐயோ, மல்லி, அடுப்புக்குப் போனேன். பற்றவைக்க முன் நிமிர்ந்தேன். பை.

மூன்று நாளாக அதற்குத் தொப்பி.

இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் கத்தத் தொடங்கியது. அடுப்பில் ஒன்றுமில்லை. தாளிதம் இல்லை. ஒன்றுமே இல்லாமல் கத்தியது.

பிள்ளையோடு வெறுங்காலில் பனிக்குள். இவரைக் கூப்பிட்டேனாம், கராஜ் முழுக்கக் கேட்டதாம்.

ஆஸ்பத்திரி. சின்ன முகத்துக்குச் சின்ன மாஸ்க். ஒட்சிசன். பின்னேரம் கண் திறந்து மாஸ்க்கைப் பிடுங்கினாள், நர்ஸைப் பார்த்து அழுதாள். டொக்டர் நல்ல அழுகை என்றார். கெதியாகத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததுதான் காப்பாற்றியது என்றும் சொன்னார். எனக்குச் சொல்ல வேண்டாத சொல்.

நவம்பர் 14, வெள்ளி

காலை வீட்டுக்கு, அதாவது வானுக்கு. காஸ்காரர் வந்து பார்த்தார். ஹீற்றரில் பிழை இல்லை. பூட்டினதிலும் இல்லை. காற்றுக்குப் படங்கின் கட்டு அறுந்து, வெட்டின சதுரம் இடம் மாறி, புகைவாயின் மேல் படங்கு. புகை முழுக்கப் படங்குக்குள் சுற்றி, பழைய தரை வெடிப்புகளால் உள்ளே. நான் அடைத்தது நல்ல காற்று வருகிற வழிகளை மட்டும்.

படங்கு கழற்றியாயிற்று. அலாரத்துக்குத் தொப்பி இல்லை. எல்லாம் பார்த்துச் சரி என்றுவிட்டுப் போனார்.

சே. அண்ணை கராஜ் வாசலில் நின்றார், கிட்ட வரவில்லை. நானே போய், தொப்பி போட்டது நான் என்றேன். அவர் "படங்கு என்ர" என்றார்.

அக்காவுக்கு நானே போன் அடித்தேன். நாளைக்கு வா என்று.

இவர்: "இப்ப எல்லாம் சரிதானே. காஸ்காரரும் சொல்லிட்டார். பிறகென்ன?"

நான்: "ஹீற்றரை நம்புறன். என்னை நம்பேலாது."

நவம்பர் 15, சனி

தெளிந்த வானம். கடும் குளிர்.

அக்கா மத்தியானம் வந்தாள். வெல்லப்போகிறவள் மாதிரி வருவாள் என்று நினைத்தேன். வானுக்குள் ஏறியதும் கோட்டைக் கழற்றினாள். "நல்ல சூடாத்தானே இருக்கு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அபியைத் தூக்கிக்கொண்டாள். சோறும் பருப்பும் தின்றோம். தாளிக்கவில்லை.

கொடுத்தவை: சுவெட்டர்கள், குல்லா, மருந்துக் கார்ட், மூக்குக்குத் துளி, என் சால்வை (மணத்துக்கு). அபி கார் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து "சூ" என்றாள். அது குளிர்ந்திருக்கும்.

மார்பு பால் கட்டிக் கல்லாகிக் கிடக்கிறது. சிங்க்கில் பிழிந்துவிட்டேன்.

ஹீற்றர் தன்பாட்டில் பற்றுகிறது, நிற்கிறது, பற்றுகிறது. இவர் போர்வையைத் தள்ளிவிட்டுத் தெர்மோஸ்டாட்டைக் குறைக்கட்டோ என்று கேட்டார். இப்போது இவ்வளவு தேவையில்லையாம்.

வேண்டாம் என்றேன். அபிக்கென்று வைத்த அளவு.