சின்னவ என்னைத் தூக்கிக்கிட்டு இறங்கினா

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதறேன். அங்க நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருக்கீங்கன்னு நம்பறேன், இங்க நாங்க நல்லா இருக்கோம், நான் மட்டும் கால்ல மாவுக்கட்டோட நல்லா இருக்கேன். பதறாதே, கணுக்கால்ல சின்ன விரிசல்தான். உன் தங்கச்சி கொஞ்ச மாசமா சரியில்லைன்னு சொன்னேன் இல்லையா, போன்ல எவளோ குச்சிக் கையைக் காட்டிக்கிட்டு நிக்கறதைப் பார்த்துட்டுத் தன் கை தூண் மாதிரி இருக்குன்னு முடிவு பண்ணிட்டா. போட்டோ எடுப்பா, பார்ப்பா, அழிப்பா. படம் வரையும்போது ஒரு கோடு பிசகினா முழுசையும் கிழிச்சுப் போடுவா. தட்டுல பாதிச் சாப்பாடு அப்படியே இருக்கும். ஊருக்கெல்லாம் தைச்சுக் குடுக்கற என்கிட்டயே வந்து எல்லாச் சட்டைக்கும் முழுக்கை வைன்னு நச்சரிச்சா. அழகா இருக்கேடின்னா, நீ அம்மா, அப்படித்தான் சொல்லுவேன்னு வாயை அடைச்சிடுவா.

போன வாரம் துணி உலர்த்திட்டு வரும்போது ஈரத்துல வழுக்கி விழுந்தேன். அப்பா டியூட்டில பஸ்ஸை ஓட்டிக்கிட்டு வெளியூர் போயிருந்தார், லிஃப்ட் ஓடல, பக்கத்து வீடெல்லாம் பூட்டு. என்னால காலை ஊனவே முடியல. உன் தங்கச்சி குனிஞ்சு என்னை முதுகுல ஏத்திக்கிட்டா. என் கனம் உனக்குத் தெரியும். விட்டுடுடி, யாராவது வரட்டும்னு கெஞ்சினேன். "பேசாம என் கழுத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கோம்மா"ன்னா. மூணு மாடி. சுவரோரமா தோளைச் சாய்ச்சுச் சாய்ச்சு இறங்கினா, மூச்சு வாங்கினா, நடுவுல நின்னா, ஆனா என்னைக் கீழே வைக்கவே இல்லை. எனக்கு அடியில கோத்திருந்த அந்தக் கை நடுங்கவே இல்லைடி. நான் இடுப்புல வெச்சுக்கிட்டுத் திரிஞ்ச பிள்ளை, வலியெல்லாம் மறந்து மலைச்சுப்போய் அவ பின்னங்கழுத்தையே பார்த்துக்கிட்டு வந்தேன். ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டதும் பசிக்குதுன்னு கேன்டீனுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுட்டு வந்தா.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், முந்தாநாள்கூட ஒரு போட்டோவை அழிச்சா. எனக்குக் கட்டுப் போட்ட டாக்டரம்மாகிட்ட அவளைப் பத்தியும் சொல்லியிருக்கேன், ரெண்டு பேருமா போய்ப் பேசப்போறோம், அவளும் சரின்னுட்டா. ஆனா நேத்து கீழ்வீட்டுக்காரம்மா வந்து, இந்தப் பொண்ணா தூக்குச்சுன்னு நம்பாம கேட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள உன் தங்கச்சி என்னை நாற்காலியோட தூக்கிக் காட்டிட்டா, சிரிச்சுக்கிட்டே.

நீ அவகிட்ட பேசும்போது இளைச்சுட்டே, ஊதிட்டேன்னு விளையாட்டுக்குக்கூடச் சொல்லிடாதே, மறக்காதே. வேளைக்குச் சாப்பிடு. ரெண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாம நீடூழி வாழணும்.

இன்னும் வியப்பு அடங்காத,
உன் அம்மா