நடுவிலே ஏழு கிழமை

டச்பார், மட்டக்களப்பு
18.12.2004

அன்புள்ள க்ளைவ்,

நாங்கள் சுகம். உங்கள் அம்மா நத்தார் கேக்குக்குக் கஜு வெட்டுகிறார், வெட்டும்போதே, "அவன் இல்லாத நத்தாருக்குக் கேக் என்னத்துக்கு?" என்று ஏசுகிறார். நத்தாரன்று, இருபத்தைந்தாம் திகதி, டெலிபோன் கோல் எடுக்க மறக்கவேண்டாம். ஒரு விசயம் சொல்ல இருக்கிறது. கடிதத்தில் எழுதமாட்டேன், வாயால்தான் சொல்லவேண்டும்.

உங்கள் றொவீனா

மியூனிக்
9.1.2005

அன்பான றொவீனா,

நத்தாரன்று லைன் கிடைக்கவில்லை. மறுநாள் தொலைக்காட்சியில் கடல் ஏறியதைக் காட்டினார்கள். நீங்கள் இருவரும் பள்ளிக்கூட முகாமில் இருப்பதாக எல்மோ அண்ணன் கொழும்பிலிருந்து கோல் எடுத்துச் சொல்லும்வரை சோறு இறங்கவில்லை. வீடுதானே போனது, ஆட்களுக்கு ஒன்றுமில்லையே. அதுவே பெரிய காரியம். நான் வரவா? வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான், லீவு கேட்கத் தயக்கமாக இருக்கிறது. என் புத்தகப் பெட்டி தப்பியதா?

க்ளைவ்

புளியந்தீவு
6.2.2005

அன்புள்ள க்ளைவ்,

நாங்கள் சுகம். இங்கே ஒரு அறை கிடைத்திருக்கிறது. நீங்கள் வரத் தேவையில்லை. பெட்டி போய்விட்டது.

றொவீனா

மியூனிக்
2.6.2009

அன்பான றொவீனா,

நான் அங்கே வரக் கேட்டபோதெல்லாம், வீதியெல்லாம் சோதனை, சண்டை முடியட்டும் என்றாய். முடிந்து இரண்டு கிழமையாகிறது. இனி என்ன சாட்டு? விசாப் படிவத்தை நான்காம் தடவையாக அனுப்புகிறேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, அறைக்குள் நடந்து நடந்து கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு சொல்லிவிட்டார். நீ எனக்கு மனைவியா இல்லையா என்று இந்த முறையாவது சொல்லிவிடு.

வேலையிலும் தலைகுனிவுதான். பூமியைச் சுற்றும் செய்மதி எங்கே இருந்தது என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவைதான் எங்களுக்குப் பட்டியல் வரும். நடுவிலுள்ள நிமிடங்களை என் மென்பொருள், முன்னும் பின்னுமுள்ள இடங்களை வைத்து ஒரு வளைவு இழுத்து நிரப்பும். போன மாதம் அப்படியொரு இடைவெளியில் செய்மதியின் எஞ்சினை நாலு நிமிடம் எரித்துப் பாதையை மாற்றியிருந்தார்கள். அந்த இடத்தில் வளைவை வெட்டவேண்டும். முன்னது வேறு, பின்னது வேறு. அறிவித்தல் தாள் என் மேசையிலேயே கிடந்தது, நான் பார்க்கவில்லை. செய்மதி ஒருபோதும் போகாத பாதையில் அதைத் தேடிக்கொண்டிருந்தோம்.

பதில் போடு.

க்ளைவ்

புளியந்தீவு
19.6.2009

க்ளைவ்,

அந்த எரிப்புக் கதையை மூன்று தரம் வாசித்தேன். இத்தனை நாளும் உங்களோடு கோபமாக இருக்கத்தான் முடிந்தது. இன்றைக்குத்தான் எழுத வருகிறது.

நீங்கள் போன மறுமாதமே எனக்குத் தெரிந்துவிட்டது. முன்னம் இரண்டும் தங்காததால், மூன்று மாதம் கழியும்வரை ஒருவரிடமும் மூச்சுவிடுவதில்லை என்று மாமியும் நானும் பேசிவைத்திருந்தோம். நத்தாரன்று சொல்ல இருந்தது அதுதான். தண்ணீர் வந்தபோது மாமி, "என்ன விட்டிட்டு ஓடு புள்ள, வயித்தில இருக்கிறதப் பாரு" என்றார். நான் விடவில்லை, முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பொங்கலுக்கு முதல் நாள் முகாமில் அது போய்விட்டது. பக்கத்துப் பாயிலிருந்த புஸ்பம் அக்கா துணியில் சுற்றி, பள்ளிக்கூட வேலியோரம் புதைத்தார். "புருசனுக்கு எழுது புள்ள" என்றார். எழுத உட்கார்ந்த அன்றுதான் உங்கள் கடிதம் வந்தது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை என்று நீங்களே முடிவுகட்டியிருந்தீர்கள். அதற்குமேல் நான் என்னத்தை எழுத? மாமியையும் சொல்ல விடவில்லை. சொல்ல ஒரு விசயம் இருக்கிறது என்றேனே, அது என்னவென்று ஒருநாளாவது கேட்டீர்களா? புத்தகப் பெட்டியைக் கேட்டீர்கள்.

அந்த வேலியை விட்டுவிட்டு என்னால் வரமுடியாது. படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். நீங்களும் வரவேண்டாம். மாமி சுகம்.

றொவீனா

மியூனிக்
5.7.2009

றொவீனா,

படிவத்தைக் கிழித்துவிட்டேன். உன் டிசம்பர்க் கடிதத்தையும் பெப்ரவரிக் கடிதத்தையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் சுகம் என்றிருக்கிறது. நடுவில் ஏழு கிழமை, ஐம்பது நாள், அதிலும் சுகம் என்றே நான் வைத்துக்கொண்டேன். என் அம்மாவை நீ சுமந்தாய். என் பிள்ளையை நான் விசாரிக்கவே இல்லை. வெட்கமாக இருக்கிறது. வேலை மேசையில் அழுகை வந்துவிட்டது, ஆட்கள் பார்த்தார்கள்.

இந்த முறை லீவு கேட்கவில்லை, வேலையை விட்டுவிட்டேன். பதினெட்டாம் திகதி கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்குவேன். வரவேண்டாம் என்றாய், அதை மட்டும் கேட்கமாட்டேன். நீ கதவைத் திறக்காவிட்டால் வெளியில் நிற்கிறேன். நாலரை வருடம் நீ அப்படித்தானே நின்றாய்.

க்ளைவ்