சானா ஹீட்டர் மேல் ஏலக்காய்

செவ்வாய், இரவு.

மழை விடவில்லை. மலைத்தோட்டத்தில் பறித்த என் ஏலக்காய் கெட்டுவிடுமே என்று, நான் வேலை பார்க்கும் ரிசார்ட்டின் சானா அறையில், விருந்தினர் வியர்க்க உட்காரும் அந்தச் சூட்டறையில், காயப்போட்டேன். அதுவும் ஹீட்டரில் அடுக்கியிருக்கும் சூட்டுக் கற்களின் மேலேயே சாக்கை விரித்து. சாக்கு தீப்பிடித்தது. அணைத்து, எல்லாவற்றையும் ஒளித்துவிட்டு, வயரிங் கோளாறு என்று முதலாளியிடம் சொன்னேன்.

ஹீட்டரை மாட்டிய எலக்ட்ரீசியன் முருகன் உடனே வந்தான். மேலே ஒரு துண்டுகூடப் போடக் கூடாது என்று மாட்டிய அன்றே என்னிடம் படித்துப் படித்துச் சொன்னவன். மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு வயராகக் கழற்றி மாட்டினான். இல்லாத கோளாறு எப்படிக் கிடைக்கும்?

சாயங்காலம் என் முன்னால் வந்து நின்றான். "எங்கன தப்பு விட்டேன்னே தெரியலண்ணே. முதலாளி வையிறாக. நீங்களாச்சும் மன்னிச்சுக்கங்க."

"பரவாயில்லடா, விடு" என்று அவனை மன்னித்தேன்.