பாலிஷ் போட்ட டயர்கள்

அன்புள்ள பெரியவனுக்கு,

நீயும் மருமகளும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுக்கிறேன். இங்கே நான் இருக்கிறேன், முழங்கால் வலியும் கூடவே இருக்கிறது. நாலைந்து நாளாக ஒரே அலுப்பு, படுத்தாலும் தீரவில்லை. காரணத்தை உன் தங்கை சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், அவள் சொன்னால் சிரித்துக்கொண்டே சொல்வாள், எனக்கு அது பிடிக்காது.

அவளுக்குப் புது ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் வேலை கிடைத்தது உனக்குத் தெரியும். மாப்பிள்ளை முன்னாடியே போய் வீடு பார்த்துவிட்டார். இவள் பிள்ளைகள் இரண்டையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு அப்பாவின் பிக்கப் வண்டியில் ஹைவேயில் ஆறு மணி நேரம் போக வேண்டும். டயரை மாற்றாமல் கிளம்ப மாட்டேன் என்றாள். நான் விடவில்லை. அப்பா கண்ணை மூடுவதற்கு இரண்டு மாதம் முன்பு வாங்கிப் போட்டது, அதற்கப்புறம் அந்த வண்டி கடைக்கும் பேங்குக்கும் தவிர எங்கே போயிருக்கிறது, டயரின் வரிப்பள்ளங்கள் தேயவே இல்லை, கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறேன் என்றேன். அம்மா, அது டயரு, அப்பாவோட போட்டோ இல்ல என்றாள். அதோடு பேச்சு நின்றது. நான்கு நாள் பிள்ளைகள் மூலமாகத்தான் காபி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டோம்.

கடைசியில் டயர்க்கடைக்காரரே நல்ல டயர் என்று சொல்லட்டும், இவள் வாய் அடங்கட்டும் என்றுதான் நானும் வண்டியில் ஏறினேன். அந்த மனிதர் விரலால் தேய்த்தார், விரல் கறுப்பானது. என்னம்மா போடுறீங்க இதுக்கு என்றார். ஷூ பாலிஷ் என்றேன். நான் படித்த கான்வென்டில் சனிக்கிழமை தவறாமல் எங்களை வரிசையாக உட்கார வைத்து ஷூவுக்குப் பாலிஷ் போட வைப்பார்கள், மதர் வந்து பளபளப்பைப் பார்த்த பிறகுதான் சாப்பாடு. அந்தக் கை சும்மா இருக்குமா, எட்டு வருடமாக இந்த டயருக்குப் போட்டு வருகிறேன். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு! சோப்புத் துணியால் அழுத்தித் துடைத்தார். கறுப்பு போனதும் நான்கு டயரின் பக்கவாட்டிலும் வற்றின குளம் மாதிரி வெடிப்பு. வயசானா ரப்பர் காஞ்சிடும்மா, உங்க பாலிஷ் வேற இன்னும் காய வெச்சிருக்கு, பாரத்தோட ஹைவே சூட்டுல போனா வெடிச்சிடும் என்றார். உன் தங்கை என் பக்கம் திரும்பவே இல்லை. பின் சீட்டில் உட்காரப்போகும் இரண்டு பிள்ளைகளையும் நினைத்தேன். தப்பு என்னுடையது என்று அங்கேயே, அந்த மனிதர் எதிரிலேயே, அவளிடம் சொன்னேன். இந்த வயதில் அந்த நாலு வார்த்தை சொல்ல எவ்வளவு தெம்பு வேண்டும் தெரியுமா?

நீ ஒரு டயர் படம் அனுப்பினாயே, முரட்டுக் கட்டை கட்டையாக, அதை வேண்டாம் என்றுவிட்டேன். அது சேற்றுக்கும் கல்லுக்குமாம். தார் ரோட்டில் இரையும், டீசல் குடிக்கும், மழையில் பிரேக் போட்டால் உடனே நிற்காது என்றார். இவள் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், வேட்டைக்கு இல்லை. ஹைவே டயர்தான் எடுத்தோம். முதலில் அவர் உருட்டி வந்தது பாரம் தாங்கும் எண்ணில் குறைவு, வண்டிக் கதவோரம் ஒட்டியிருந்த தாளை நான் படித்துக் காட்டினேன். டீச்சரம்மாவா என்று கேட்டுவிட்டு வேறு எடுத்து வந்தார். தயாரித்த வாரமும் வருடமும் நான்கு இலக்கமாகப் போட்டிருக்கும் என்றார், அதையும் குனிந்து பார்த்தேன். குனிந்துவிட்டேன், நிமிர முடியவில்லை. உன் தங்கைதான் கை கொடுத்தாள். மெதுவாம்மா என்றாள். பழையதில் ஒன்றையாவது வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று அவளே கேட்டாள். வேண்டாம் என்றேன்.

இன்று காலை கிளம்பினார்கள். நான் டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்கு மேல்தான் மணி அடித்தது. சேந்துட்டோம்மா, வண்டியில சத்தமே இல்ல, சின்னது வழியெல்லாம் தூங்கிட்டு வந்துச்சு, நீ சாப்பிட்டியா என்றாள். ஆச்சு என்றேன். இனிமேல்தான் எழுந்து போய்ச் சாப்பிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தங்கைக்கு நீயே முதலில் போன் செய், டயரைப் பற்றிக் கேலி வேண்டாம். ஆண்டவர் உங்கள் எல்லோர் தலைமேலும் கை வைத்துக் காக்கட்டும்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அம்மா