ஐந்து மணிக்கு நின்ற கதை

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனை எடுப்பதாயில்லை, அதனால் கடிதம். எங்கள் நூலகத்தில் சனிக்கிழமைக் கதை நேரத்தை நிறுத்தச் சொல்லி மனு வந்திருக்கிறது. முதல் கையெழுத்து உன்னுடையது! அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கமிட்டி கூடி முடிவெடுக்கும்.

உன் பிள்ளை எதைக் கேட்கலாம் என்று நீ சொல், ஒப்புக்கொள்கிறேன். முப்பது பிள்ளைகளுக்கும் சேர்த்து நீ ஏன் சொல்கிறாய்?

இதே அறையில், இதே பச்சைப் பாயில்தானே நாமும் உட்கார்ந்தோம்? ஐந்து மணிக்குக் காவலாளி மணி அடித்துவிடுவார், கதை பாதியில் நிற்கும். நான் அழுவேன். தையல்கடை முனையில் ஆரம்பித்து வீட்டுப் படி வரை மீதியை நீ சொல்வாய். அத்தனையும் உன் கைச்சரக்கு. அதைக் கேட்டுத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். வயிறு எரிகிறது அக்கா.

உன் தங்கை,
அழுமூஞ்சி

ஜூன் 7

அழுமூஞ்சிக்கு,

பச்சைப் பாயைக் காட்டி என்னைக் கரைக்கப் பார்க்காதே. கரைந்துதான் போனேன், அது வேறு விஷயம்.

போன மாதம் ஒரு கதை சொன்னாயே. வீட்டை விட்டுப் போன அப்பாவின் செருப்பை மகள் தினமும் துடைத்து வாசலில் வைப்பாள், அவரும் திரும்பி வந்துவிடுவார். எல்லோரும் கைதட்டினார்களாம். அன்றிலிருந்து என் பொடிசு சாயங்காலமானால் அவள் அப்பாவின் பழைய செருப்பைத் துடைத்து வாசலில் வைக்கிறாள். "இன்னும் எத்தனை நாள் வைக்கணும்மா?" என்று என்னைக் கேட்கிறாள்.

அந்த மனிதருக்கு வேறு குடும்பமாகிவிட்டது. உனக்குத் தெரியும், தெரிந்தும் சொன்னாய். மற்ற அம்மாக்களுக்குப் பேய்க் கதை என்றால் பயம். எனக்கு உன் நல்ல முடிவுதான் பயம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

அக்கா

ஜூன் 9

அக்கா,

அவளுக்காகத்தான் அந்தக் கதையைத் தேடி எடுத்தேன். ஆறுதலாக இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். உன்னிடம் நியாயம் பேசிய வாய் இது! என் தப்புதான்.

இனி அடுத்த வாரக் கதை என்ன என்பதை வாசல் பலகையில் முன்கூட்டியே எழுதிப் போடலாம் என்றிருக்கிறேன். பிடிக்காதவர்கள் பிள்ளையை அனுப்ப வேண்டாம். அதற்குக் கதை நேரம் இருக்க வேண்டுமே. கையெழுத்தை எடு என்று உன்னைக் கேட்க எனக்கு முகமில்லை.

தங்கை

ஜூன் 12, வெள்ளி

என் அழுமூஞ்சிக்கு,

கமிட்டி முன்னால் போய் என் கையெழுத்தை அடித்துவிட்டு வந்தேன். உன் பலகை யோசனையையும் சொன்னேன். மற்ற அம்மாக்கள் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுச் சரி என்றார்கள். கதை நேரம் பிழைத்தது.

அடுத்த சனிக்கிழமை பொடிசை அழைத்து வருகிறேன். அந்தக் கதையையே மறுபடி சொல். மகள் செருப்பைத் துடைத்து வைக்கிற இடத்தில் நிறுத்திவிட்டு, ஐந்து மணி ஆயிற்று என்று சொல்லிவிடு. மீதி என் பொறுப்பு.

'அப்பா வரவில்லை' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு இன்னும் ஒன்றும் ஓடவில்லை. வீட்டுப் படி வருவதற்குள் முடிப்பேனா என்பதும் தெரியவில்லை.

தையல்கடை முனையிலிருந்து நீயும் கூட நடந்து வா.

உன் அக்கா